புதுப்பிப்பு: அண்ணன் ஒருவழியா டெஸ்ட் கொடுத்துட்டான்

போன மாசம் புலம்பியிருந்தேனே, கல்யாணமாகி 5 வருஷம், மதினிக்கு மட்டும் ஸ்கேன் மேல ஸ்கேன், அண்ணன் விந்துப் பரிசோதனைக்கே வரமாட்டேங்கான்னு. பாளையங்கோட்டையில ஒரு லேப்ல கொடுத்துட்டான். ஒரு மில்லி விந்துக்கு 90 லட்சம் விந்தணு. உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கையேட்டுல கீழ்வரம்பு 1 கோடியே 60 லட்சம். குறைவுதான், பூஜ்யம் இல்ல. விந்தணு உருவாகி முதிர ரெண்டரை மாசம் போல ஆகுமாம்; அதான் சிகரெட்டை விட்டுட்டு 3 மாசம் கழிச்சு மறுபடி கொடுக்கச் சொல்லிருக்காங்க. (விடுவானா, பாப்போம்.)

அதுக்குள்ள வீட்டுல, தேவைப்பட்டா தான விந்து வாங்கலாமான்னு சண்டை. "அது எவன் ரத்தமோ"ங்கா ஆச்சி. 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பிள்ளை தம்பதியோடதுதான், கொடுத்தவனுக்கு உரிமை கிடையாதுன்னேன். மதினி கேட்டது வேற: "இத்தன வருஷமா என்னைய மலடின்னு சொன்னியளே ஆச்சி, எந்த டெஸ்ட்டப் பாத்துச் சொன்னிய?"

ஆச்சி வெத்தலப்பெட்டியத் தேடி எந்திரிச்சுப் போயிட்டா.