ஹெட்லைட் இரண்டும் எரியவில்லை, கனெக்டரில் 12.4 வோல்ட் வருகிறது. ஸ்விட்ச் மாற்றணுமா?

மண்டபம்_கடற்கரை எழுதியது:

பத்து வருஷம் தாண்டின பெட்ரோல் ஹேட்ச்பேக். எச்4 பல்பு (லோ, ஹை இரண்டுக்கும் ஒரே பல்பு), 60/55 வாட் (ஹை 60, லோ 55). வண்டி நிற்பது மண்டபத்தில், கடலைப் பார்த்த வாசலில், மேலே கூரை கிடையாது.

லோ பீம், ஹை பீம் எதுவும் இல்லை, இரண்டு பக்கமும். பார்க் லைட், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் சரியாக இருக்கிறது. ஸ்விட்சைத் திருப்பினால் ரிலே (லைட்டுக்குக் கரண்டைச் சேர்த்துவிடும் சின்னப் பெட்டி) "டக்" என்கிறது. ஃபியூஸ் போகவில்லை. பல்புகளைக் கழற்றி நேராகப் பேட்டரியில் கொடுத்தால் இரண்டும் பளிச்சென்று எரிகிறது. கனெக்டரில் லோ பீம் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பின்) நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 12.4 வோல்ட் காட்டுகிறது. பல்பை மாட்டினால் மட்டும் எரிவதில்லை. ஸ்டீயரிங் கீழே உள்ள காம்பினேஷன் ஸ்விட்சை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

டெஸ்ட்லேம்ப் எழுதியது:

அண்ணே, ஸ்விட்ச் வாங்க வேண்டாம், பொறுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

கழற்றிய கனெக்டரில் மீட்டர் காட்டுகிற 12.4-ஐ நம்பக்கூடாது. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சுமார் 10 மெகா ஓம். அது இழுக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். அதனால் வழியில் எங்காவது பச்சை பூத்து 10 ஓம் தடை உட்கார்ந்திருந்தாலும் மீட்டருக்குத் தெரியாது, முழு வோல்ட்டைக் காட்டும். பல்பு அப்படியில்லை. 55 வாட் பல்பு எரியும்போது நாலரை ஆம்பியருக்கு மேல் கேட்கும். அணைந்து குளிர்ந்த இழையின் தடை 0.3 ஓம் பக்கம்தான். 10 ஓமும் 0.3 ஓமும் வரிசையில் நின்றால் 12 வோல்ட்டில் பல்புக்கு அரை வோல்ட் கூட மிஞ்சாது. இழை சிவக்கக்கூடச் செய்யாது.

ஆகவே அளவு எடுப்பது எப்போதும் பல்பு மாட்டியிருக்கும்போது, ஸ்விட்ச் போட்டிருக்கும்போது. இப்படிச் செய்யுங்கள்:

மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள். பாடியில் வைக்காதீர்கள், சந்தேகமே பாடி எர்த் மேல், அதாவது வண்டித் தகடு வழியாக நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பின் மேல்தான். சிவப்பு முனையில் ஒரு மெல்லிய குண்டூசியைப் பிடித்து, கனெக்டரின் பின்பக்கம் வயர் நுழைகிற இடத்தில் செருகுங்கள். வயரின் தோலைக் குத்தாதீர்கள். நம்ம ஊர்க் காற்றில் அந்தச் சின்ன ஓட்டை போதும், அங்கிருந்தே அடுத்த அரிப்பு தொடங்கும்.

லோ பீம் பின்னில் ஒரு அளவு, எர்த் பின்னில் ஒரு அளவு. இரண்டிலும் பூஜ்யம் பக்கம் என்றால் சப்ளை வரவில்லை. ரிலே, ஃபியூஸ் பெட்டி, ஸ்விட்ச் பக்கம் போக வேண்டும். இரண்டிலும் 12 பக்கம் என்றால் எர்த் அறுந்திருக்கிறது. நல்ல வண்டியில் எர்த் பின்னில் 0.2 வோல்ட்டுக்குக் கீழேதான் இருக்கும்.

கச்சான்காத்து எழுதியது:

மேலே சொன்னது சரி. ஒரே ஒரு எச்சரிக்கை. எல்லா வண்டியிலும் வயரிங் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் பல்பின் பொதுப் பின்னுக்கு பாசிட்டிவ் நேராக வந்து நிற்கும், லோ, ஹை இரண்டையும் ஸ்விட்ச் நெகட்டிவ் பக்கம் சேர்த்துவிடும். அந்த வகை வண்டியில் இரண்டு பின்னிலும் 12 வந்தால் கோளாறு ஸ்விட்சிலோ ஸ்விட்சின் எர்த்திலோ இருக்கலாம். எது உங்கள் வகை என்று கண்டுபிடிக்க, பல்பைக் கழற்றிவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு பின்னாகப் பாருங்கள். எச்4 கனெக்டரில் மேலே படுக்கையாக இருப்பது லோ பீம். லோ போட்டால் அதில் மட்டும் 12, ஹை போட்டால் அடுத்ததற்கு மாறுகிறது என்றால் பாசிட்டிவ் ஸ்விட்சிங். லோவோ ஹையோ, ஒரு பின்னில் மட்டும் மாறாமல் 12 நின்றால் மற்ற வகை.

ரிலே "டக்" என்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது உள்ளே உள்ள காயில் (கம்பிச் சுருள்) வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. உள்ளே காண்டாக்ட் கருகியிருந்தாலும் சத்தம் வரும். ரிலேயில் 30, 87 என்று எண் போட்ட பின்களுக்கு நடுவே லோடில் (பல்பு மாட்டி, ஸ்விட்ச் போட்டு) அளந்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்கணும்.

மண்டபம்_கடற்கரை எழுதியது:

அளந்துவிட்டேன். பாசிட்டிவ் ஸ்விட்சிங்தான், லோ, ஹை பின் மாறி மாறி வருகிறது. பல்பு மாட்டி, லோ போட்டு அளந்தது: லோ பின்னில் 12.2, எர்த் பின்னில் 11.9. வலது, இடது இரண்டும் ஒரே அளவு.

டெஸ்ட்லேம்ப் எழுதியது:

அப்படியானால் எர்த்தான், சந்தேகமில்லை. பல்புக்குக் கிடைப்பது வெறும் 0.3 வோல்ட். மீதி 11.9-ம் எர்த் வழியில் தொலைகிறது. உறுதிப்படுத்த ஒரு வயரை பேட்டரி நெகட்டிவிலிருந்து எடுத்து எர்த் பின்னின் பின்பக்கம் தொடுங்கள். இரண்டு லைட்டும் எரிந்தால், இரண்டு பக்க எர்த்தும் டேப்புக்குள்ளே ஒன்றாகச் சேர்ந்து ஒரே போல்ட்டில் முடிகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஹெட்லைட்டுக்குப் பின்னால் அல்லது பேட்டரி தட்டுக்குப் பக்கத்தில் உள்ள தகட்டில் 10 மில்லிமீட்டர் தலை உள்ள போல்ட். கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. லைட் ஸ்விட்சை இரண்டு நிமிஷம் போட்டு வைத்துவிட்டு எர்த் போல்ட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். கெட்டுப்போன இணைப்பு சுடும்.

இனி ரிப்பேர். உப்புத்தாள் வைத்து மேலோட்டமாகத் தேய்த்து மாட்டினால் அடுத்த வாடைக்காற்றுக் காலத்துக்குள் திரும்ப வரும். முழுதாகச் செய்யுங்கள்.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எர்த் போல்ட்டை எடுத்து, வளைய லக்கை (வயர் முனையில் போல்ட் நுழையும் உலோக வளையம்) வெட்டிவிட்டு வயரின் தோலை உரியுங்கள். செம்பு கறுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள், பளபளப்பான செம்பு தெரியும் வரை. உப்பு ஈரம் இழைகளுக்கு நடுவே ஊர்ந்து தோலுக்குள்ளேயே வெகுதூரம் போயிருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. கறுத்த செம்பில் புது லக் அழுத்தினால் பிடிக்காது, ஈயமும் ஒட்டாது. வயர் குட்டையாகிவிட்டால் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரால் நீட்டுங்கள். இரண்டு பல்பும் சேர்ந்து 10 ஆம்பியர் வரை எடுக்கும், மெல்லிய வயர் வேண்டாம்.

6 மில்லிமீட்டர் துளை உள்ள வெள்ளீயம் பூசிய செம்பு லக் வாங்கி, கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். கொறட்டால் நசுக்குவது போதாது. உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூபை லக்கின் கழுத்து மறையும்படி போட்டுச் சூடாக்குங்கள். பசை வெளியே கசிந்தால்தான் வாய் அடைபட்டது என்று பொருள். தகட்டில் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் வெள்ளைத் தகடு தெரிய எடுத்துவிட்டு, பல் உள்ள ஸ்டார் வாஷர் போட்டு இறுக்குங்கள். கிரீஸோ வாசலினோ இறுக்கிய பிறகு, மேலே மூடுகிற மாதிரி. காற்றும் ஈரமும் நுழையாமல் தடுப்பதுதான் அதன் வேலை.

முடித்ததும் அதே அளவை மறுபடி எடுங்கள். எர்த் பின்னில் 0.2-க்குக் கீழே வந்தால்தான் வேலை முடிந்தது. லைட் எரிகிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். ஹாலஜனில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் பக்கம் குறையும். பாம்பன் பாலத்தில் எதிரே பஸ் வரும்போது அந்த 30 சதவீதம் தேவைப்படும்.

ஈசிஆர்_இரவு எழுதியது:

எர்த் மட்டும் இல்லை, அதே உப்பு மற்ற இணைப்புகளிலும் இருக்கும். உப்புப் படலம் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாக நீர் உறிஞ்சிக் கரைசலாகிவிடும். மழை வேண்டியதே இல்லை. மண்டபத்துக்கு வாடை பாக் விரிகுடா பக்கமிருந்தும், கச்சான் (தென்மேற்குக் காற்று) மன்னார் வளைகுடா பக்கமிருந்தும் உப்பைக் கொண்டுவரும், இரண்டு பருவமும் தப்பாது. ஃபியூஸ் கால்கள், ரிலே சாக்கெட், பேட்டரி கிளாம்ப் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றி, காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவைத்து மாட்டிவிடுங்கள்.

தனுஷ்கோடி, அரிச்சல்முனை போய்வந்தால் நல்ல தண்ணீரில் முன்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் மெதுவாகக் கழுவுங்கள். நம்ம பகுதியில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பைத் தடவி விடுகிற மாதிரிதான். வாட்டர் சர்வீஸ் பிரஷர் துப்பாக்கியை கனெக்டர் பக்கம் காட்ட விடாதீர்கள்.

மண்டபம்_கடற்கரை எழுதியது:

வயர் தொட்டதும் இரண்டும் எரிந்துவிட்டது. பேட்டரி தட்டுக்குக் கீழே போல்ட், தலையே தெரியாத அளவுக்கு வெள்ளையும் பச்சையும். லக் வாங்கப் போகும்போது 100/90 வாட் பல்பும் வாங்கிவிடலாமா? வெளிச்சம் கூடுமே.

கச்சான்காத்து எழுதியது:

வேண்டாம். லோவுக்கு 90 வாட் என்றால் ஒரு பல்புக்கே ஏழரை ஆம்பியர். கம்பெனி வயரும் ஸ்விட்சும் கனெக்டரும் அதற்குச் செய்ததில்லை. முதலில் கனெக்டர் பழுப்பாகும், பிறகு உருகும். ரிஃப்ளெக்டரின் பூச்சும் கருகும். எதிரே வருகிறவருக்கும் கண் கூசும். 60/55-க்கு முழு வோல்ட் கிடைத்தாலே இந்த ரோட்டுக்குப் போதும்.

வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிற கேஸ் என்றால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், வயர் பற்றிக்கொள்ளும். ஃபியூஸ் இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை வயர் வைத்துச் செருகி, ஹெட்லைட் பல்புகள் இரண்டையும் கழற்றிவிட்டு ஸ்விட்ச் போடுங்கள். அது முழுப் பிரகாசமாக எரிந்தால் வழியில் எங்கோ ஷார்ட். வயரை ஒவ்வோர் இடமாக அசைத்துப் பாருங்கள், அணைகிற இடத்தில் டேப்பைப் பிரியுங்கள். ஹெட்லைட் பல்பைக் கழற்றாமல் இதைச் செய்தால் ஷார்ட் இல்லாமலேயே அந்த 21 வாட் பல்பு எரியும், ஏமாந்துவிடுவீர்கள்.

பல்பைத் திரும்ப மாட்டும்போது கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள் அண்ணே. வியர்வை உப்பும் எண்ணெயும் பட்ட இடம் சூட்டில் வெளுத்து, பல்பு சீக்கிரம் போய்விடும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு மாட்டுங்கள்.