உதவி: 28 அடி கேபின் படகுக்கு என்ன கலர் அடிக்கலாம்? டீசலை ஏன் இப்படிக் குடிக்கிறது?

தேவகோட்டையான்:
வணக்கம். கொச்சியில் பழசாக ஒரு பைபர் கேபின் படகு வாங்கினோம். 28 அடி, வெயிட் மூன்றரை டன் இருக்கும். ஒரே டீசல் இன்ஜின், 200 குதிரைத்திறன். பின்பக்கம் ப்ரொப்பெல்லரோடு அலுமினியக் கால் தொங்கும் ஸ்டெர்ன் டிரைவ் டைப். மீன் பிடிக்க இல்லை, குடும்பத்தோடு கரையோரமாகப் போய்வரத்தான். தையில் தொண்டியில் இறக்கி, இரண்டு மாதம் நங்கூரம் போட்டு அங்கேயே விட்டிருந்தோம். இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

முதல் பிரச்சினை டீசல். கடைசியாகப் போனது போக வர 18 நாட்டிக்கல் மைல். எட்டுப் பேர், டீசல் டாங்க் தண்ணி டாங்க் இரண்டும் புல். திரும்பி வந்து நிரப்பினால் 37 லிட்டர் பிடித்தது. விசைப்படகுக்காரர்களுக்கு வரி விலக்கு டீசல் உண்டு, நமக்குப் பங்க் விலைதான். வாங்கும்போது 20 நாட் (மணிக்கு 20 நாட்டிக்கல் மைல்) போனது, இப்போது 11, 12-ஐத் தாண்டவில்லை. முழுசாகக் கொடுத்தாலும் 3200 ஆர்பிஎம்தான் வருகிறது. கொச்சிக்காரர் 3800 வரும் என்று காட்டியிருந்தார். கறுப்புப் புகை வேறு.

இரண்டாவது பெயின்ட். பினாங்கில் இருக்கும் அம்மான் மகன் போட்டோ அனுப்பியிருக்கிறான், அங்கே எல்லாக் க்ரூசரும் கருநீலம், பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நமக்கும் அதுதான் வேண்டும் என்கிறான். வழவழப்பான டார்க் பெயின்ட் அடித்தால் தண்ணி வழுக்கிக்கொண்டு போகும், டீசலும் மிச்சம் என்று அவன் கணக்கு. அடியில் தொண்டி விசைப்படகுக்கு அடிக்கும் அதே சிவப்பு பெயின்டை அடித்துவிடலாம் என்று இருக்கிறேன். சரியா?

தொண்டிக்காரன்:
அண்ணே, கலரை விடுங்க. அந்த அலுமினியக் காலையும் ப்ரொப்பெல்லரையும் பார்த்தீங்களா? போட்டோ போடுங்க. நம்ம கடல்ல ரெண்டு மாசம் சும்மா நின்னா கொட்டலசு (அடியில ஒட்டி வளர்ற ஓட்டுப் பூச்சி) கட்டாம இருக்குமா? எங்க பைபர் வள்ளத்தையே பத்து நாளைக்கு ஒருக்கா கரையேத்திச் சுரண்டுறோம்.

தேவகோட்டையான்:
பார்த்தேன் தம்பி. ப்ரொப்பெல்லர் இதழ் மூன்றிலும் கொட்டலசு. அடிப்பக்கம் தடவினால் உப்புத்தாள் மாதிரி கையைக் கிழிக்கிறது. ஆனால் உயரம் கம்மிதான், மிளகு அளவு. இதுக்கா இவ்வளவு டீசல்?

கடல்கணக்கு:
இதுக்கேதான். படகின் அடியைவிட ப்ரொப்பெல்லர் இதழ் ரொம்பச் சின்னது, ரொம்ப வேகமாகச் சுற்றுவது. அதில் மிளகு அளவு ஒட்டினாலே இன்ஜின் மூச்சு வாங்கும். முழு லோடில் போக வேண்டிய ஆர்பிஎம் போகவில்லை, கறுப்புப் புகை வருகிறது என்றால், உள்ளே போகும் டீசல் எல்லாம் எரியவில்லை, இன்ஜின் தன் சக்திக்கு மீறி இழுக்கிறது என்று அர்த்தம். முதலில் சுரண்டுங்கள். அப்புறம் ஏர் பில்டர். அதற்கும் சரியாகாவிட்டால் மட்டும் டர்போ, ப்ரொப்பெல்லர் பிட்ச் (இதழின் சாய்வு) என்று செலவுக்குப் போகலாம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

டீசல் கணக்கை ஒரு தடவை நிதானமாகப் போட்டுப் பார்ப்போம். டீசல் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.2 லிட்டர் குடிக்கும் (பெட்ரோல் என்றால் 0.3). உங்கள் படகு தண்ணீரைத் தொடும் நீளம் 25 அடி என்று வையுங்கள். அதன் வர்க்கமூலம் 5, அதை 1.34-ஆல் பெருக்கினால் 6.7 நாட். அதுவரை படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு சும்மா மிதந்து போகும், 15, 18 குதிரை போதும். அதைத் தாண்டினால் தானே கிளப்பும் அலை மேல் தானே ஏற வேண்டும். மூக்கு வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் உட்கார்ந்துவிடும். 10, 12 நாட்டில் நீங்கள் இருந்தது அந்த மேட்டில்தான். அதைத் தாண்டித் தண்ணீர் மேல் ஏறிவிட்டால் படகு மட்டமாகி, ஓட்டம் லேசாகும்.

6 நாட்டில் மணிக்கு மூன்றரை லிட்டர் என்றால் ஒரு மைலுக்கு 0.6 லிட்டர். 20 நாட்டில் 135 குதிரை, மணிக்கு 27 லிட்டர், மைலுக்கு 1.35. நடுவில் 11 நாட்டில் நீங்கள் குடித்தது 18 மைலுக்கு 37, அதாவது மைலுக்கு 2-க்கு மேல். 20 நாட்டில் போகிறவனைவிடப் பாதி வேகத்தில் போன நீங்கள் அதிகம் செலவழித்திருக்கிறீர்கள். மெதுவாகப் போனால் மிச்சம் என்பது காருக்குச் சரி. இந்த மாதிரி படகில் ரொம்ப மெதுவு, இல்லை நல்ல வேகம், இரண்டில் ஒன்று. நடுவில் நின்றால் பர்ஸ் கிழியும்.

வெயிட்டையும் பாருங்கள். கரையோரமாக ஒன்றரை மணி நேரம் போக டாங்க் முழுக்க டீசலும் தண்ணியும் எதற்கு? தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 200 லிட்டர் டாங்க் என்றால் மூன்று ஆட்களை ஏற்றிய மாதிரி.

கானாடுகாத்தான்காரி:
குறுக்கே வருகிறேன். கருநீலம் பினாங்கில் அழகு, சரி. நம்ம ஊர் சித்திரை வெயிலில் அந்தக் கேபினுக்குள் யார் உட்காருவது? எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டுத் தேய்த்த வெள்ளைப் பூச்சு, நூறு வருஷம் தாண்டி நிற்கிறது, நட்டநடு வெயிலில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கும். படகுக்குப் பெயின்ட் விசாரிக்கிறார்கள் என்று அப்பத்தாவிடம் சொன்னேன். “வெயில்ல நிக்கிற பொருளுக்கு யாராச்சும் கறுப்படிப்பாகளா?” என்று கேட்டுவிட்டுப் பாக்கு வெட்டப் போய்விட்டார்.

கடல்கணக்கு:
அப்பத்தா சொன்னதில் ரசாயனமும் இருக்கிறது. பைபர் என்பது கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும். சாதாரண ரெசின் 60, 70 டிகிரிப் பக்கம் போனால் லேசாக இளகும், வார்க்கும்போது முழுசாக இறுகாமல் விட்டுப்போனது அப்போது இறுகும், சுருங்கும். உள்ளே இருக்கும் கண்ணாடி இழைப் பாயின் நெசவுத் தடம் வெளியே தெரிய ஆரம்பிக்கும். கண்ணாடி மாதிரி பளபளப்பில் அது நன்றாகவே தெரியும். டார்க் கலரில் உப்புக் கறை, இடிபடாமல் இருக்கப் பக்கத்தில் தொங்கவிடும் பெண்டர் தேய்த்த கோடு எதுவும் மறையாது, வெயிலில் வெளிறும், ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும். வெள்ளையில் அடிபட்டால் ஒரு சின்ன டப்பா போதும்.

தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும் கலர் டீசலைத் தொடவே தொடாது. அம்மான் மகனிடம் சொல்லுங்கள், தண்ணீரோடு உரசுவது கீழ்ப்பக்கம், அங்கே வேண்டியது வழவழப்பு, கலர் இல்லை. டார்க் வேண்டுமானால் நீர்க்கோட்டுக்கு மேல் ஆறு அங்குலத்துக்கு ஒரு கருநீலப் பட்டை போடுங்கள், மேல் முழுக்க வெள்ளை, இல்லை சந்தன நிறம்.

தொண்டிக்காரன்:
மேல முழுக்க வெள்ளையா விடாதீங்கண்ணே. வாடைக்காத்துல அலை நுரைக்கும்போது வெள்ளைப் படகு தெரியவே தெரியாது. கேபின் கூரையில பெருசா ஆரஞ்சு அடிங்க. தேடி வர்றவன் கண்ணுல படணும்ல.

சிக்ரி ரிட்டயர்டு:
தாமதமாகப் பார்க்கிறேன். காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) அரிப்புப் பிரிவில் இருந்தேன். மண்டபத்தில் எங்கள் சோதனை நிலையம் உண்டு, தகடுகளைக் கடலில் தொங்கவிட்டு எது எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதே எங்கள் பிழைப்பு. ஆகையால் அந்தச் “சிவப்பு பெயின்ட்” என்ற வார்த்தையைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

அடிப்பாகத்துக்கு அடிக்கும் அந்தச் செங்காவி நிறம் பெரும்பாலும் குப்ரஸ் ஆக்சைடு, அதாவது செம்பு. செம்பு கரைந்து கசிவதால்தான் கொட்டலசுக் குஞ்சு ஒட்ட மாட்டேன் என்கிறது. மரப் படகுக்குச் சரி. உங்கள் பைபர் அடிக்கும் சரி. ஆனால் உங்களுடையது அலுமினியக் கால். உப்புத்தண்ணீரில் செம்பையும் அலுமினியத்தையும் சேர்த்து வைத்தால் அது பேட்டரி. தின்னப்படுவது அலுமினியம். ஒரே சீசனில் பொடிப்பொடியாகக் குழி விழுந்த கால்களைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், பழைய பல் மாதிரி இருக்கும். செம்புப் பெயின்டை அந்தக் காலைச் சுற்றி இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். காலுக்குச் செம்பு ஆக்சைடு இல்லாத, அலுமினியத்துக்கென்றே வரும் பெயின்ட் தனியாக இருக்கிறது. காலில் திருகியிருக்கும் ஜிங்க் கட்டியின் மேல் எந்தப் பெயின்டும் படக்கூடாது. அது தன்னைக் கொடுத்துக் காலைக் காப்பாற்ற வைத்தது, மூடினால் வேலை செய்யாது. பாதி தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஒரு காலத்தில் இதற்கு டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் போட்டார்கள். அருமையாக வேலை செய்தது, சங்கினத்தையே கெடுத்தது. 2008 செப்டம்பரில் உலக ஒப்பந்தம் நடப்புக்கு வந்து கப்பல் அடியிலிருந்து ஒழிந்தது. யாராவது “பழைய ஸ்டாக் ஸ்பெஷல்” என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

இதையெல்லாம் விட முக்கியமான கேள்வியை யாரும் கேட்கவில்லை. படகு இனிமேல் எங்கே தூங்கப் போகிறது? கடலிலா, கொட்டகையிலா?

தேவகோட்டையான்:
கொட்டகையில்தான் ஐயா. தொண்டியில் ஆள் வைத்துப் பார்க்க முடியவில்லை. வருஷத்தில் நாலைந்து தடவை திருவாடானை வழியாகக் கொண்டுபோய் இறக்கி, இரண்டு மூன்று நாளில் ஏற்றிவிடுவதாகத் திட்டம்.

சிக்ரி ரிட்டயர்டு:
அப்படியானால் அந்தச் செம்புப் பெயின்டே உங்களுக்கு வேண்டாம். அது கடலிலேயே கிடக்கும் படகுக்கு. காய்ந்து கொட்டகையில் நின்றால் அதன் வீரியமும் போகும், சொரசொரப்பும் மிச்சம். நன்றாகச் சுரண்டி, பட்டி பார்த்து, எபாக்சி ப்ரைமர் இரண்டு கை, மேலே வழவழப்பாக எபாக்சி. ஏற்றியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். முடிந்தது. செலவில் பாதி மிச்சம்.

தேவகோட்டையான்:
இது தோன்றவே இல்லை ஐயா. நன்றி.

ஒரு சோதனை செய்தேன். பழைய பைபர் துண்டு இரண்டில் ஒன்றுக்கு வெள்ளை, ஒன்றுக்குக் கருநீலம் அடித்து, மத்தியானம் மொட்டை மாடியில் வைத்தேன். இரண்டு மணிக்குப் பையனின் லேசர் தெர்மாமீட்டரில் வெள்ளை 46, நீலம் 68. நீலத்தில் கை வைத்து எடுத்த வேகத்தில் துண்டு எகிறிக் கீழே தொட்டியில் விழுந்தது. போட்டோ பினாங்குக்குப் போய்விட்டது. பதில் இல்லை.

மேலுக்கு டூ பேக் பாலியூரித்தேன் (பெயின்டும் ஹார்டனரும் தனித்தனியாக வந்து கலந்து அடிப்பது) வாங்கலாமா? போன முறை கொச்சியில் யாரோ கார் எனாமலை ப்ரைமர் இல்லாமல் அடித்திருக்கிறார்கள், பாம்புச் சட்டை மாதிரி உரிகிறது.

கடல்கணக்கு:
டூ பேக்தான் சரி. ஆனால் ஸ்ப்ரே வேண்டாம். ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது, துணிக் கர்சீப் மூக்கில் கட்டினால் தடுக்காது. பின்கட்டில் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் யோசிக்கவே வேண்டாம். ஒருத்தர் ரோலரில் மெல்லிசாக உருட்டிக்கொண்டே போக, பின்னாலேயே இன்னொருத்தர் நல்ல பிரஷ் நுனியால் தடவிவிட்டால் ஸ்ப்ரே மாதிரியே வரும். கையில் க்ளவுஸ், கேஸ் பில்டர் வைத்த மாஸ்க் இதற்கும் வேண்டும். காலையில் பனி காய்ந்ததும் ஆரம்பித்து, வெயில் ஏறுமுன் நிறுத்துங்கள். தரையில் தண்ணி தெளித்துவிடுங்கள், தூசி எழும்பாது. ஆடிக்காற்று ஆரம்பித்தால் அந்த வருஷம் பெயின்டை மறந்துவிடுங்கள்.

தொண்டிக்காரன்:
பெயின்டர் தேடுறதா இருந்தா இப்பவே சொல்லி வைங்கண்ணே. ஏப்ரல் 15-ல மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சா 61 நாளும் விசைப்படகு வேலை, ஒரு ஆள் கிடைக்க மாட்டான்.

தேவகோட்டையான்:
மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நானும் பையனும்தான் அடித்தோம். சந்தன நிறம், ஆறு அங்குல நீலப் பட்டை, கூரை ஆரஞ்சு. ஒரு இடத்தில் ஒழுகல் இருக்கிறது, சொன்னால்தான் தெரியும். ப்ரொப்பெல்லரைச் சுரண்டி, ஜிங்க் கட்டி மாற்றி, ஏர் பில்டரும் மாற்றினேன். பில்டரிலிருந்து ஒரு குளவிக்கூடு வந்தது.

போன சனிக்கிழமை கிரேன் வைத்து இறக்கினோம். ஐந்து பேர், தண்ணி டாங்க் கால்வாசி. 3750 ஆர்பிஎம் வந்தது, புகை இல்லை. அதே 18 மைல் 19 நாட்டில் போய் வந்தோம், 26 லிட்டர். ஞாயிறு அதே வழி 6 நாட்டில், மூன்று மணி நேரம், 11 லிட்டர். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், ஆத்தாவுக்கு மட்டும் இரண்டாவதுதான் பிடித்தது.

பேர் எழுத வேண்டும். பைபர் மேல் கையால் தமிழ் எழுத்து எழுதும் ஆள் காரைக்குடிப் பக்கம் யாராவது தெரியுமா? ஸ்டிக்கர் வேண்டாம்.

கானாடுகாத்தான்காரி:
கல்யாண வீட்டு போர்டு எழுதுகிறவர் ஒருத்தர் எங்கள் தெருவில் இருக்கிறார். கேட்டுச் சொல்கிறேன். எந்தப் பெயின்ட் என்று முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எனாமல் டப்பாவோடு வந்து நிற்பார்.