பல்லு க்ளீன் பண்ண விறைப்பு ஊசி: போட்டவங்களும் வாங்கினவங்களும் சொல்லுங்க

கல்லடிக்காரி:
ஊர் கல்லடி, கனடாவில அல்பர்ட்டாவில டென்டல் ஹைஜீன், அதான் பல்லு, முரசு (ஈறு) சுத்தம் பண்ற படிப்பு, படிக்கன், இப்ப லீவுக்கு வந்து நிக்கன். அங்க ஹைஜீனிஸ்டே ஊசி போடலாம், முரசுக்கடியில ஆழமா காரை எடுக்க விறைக்க வைக்காம ஏலாது. முதல்ல கூடப் படிக்கிற ஆக்களுக்குத்தான் போட்டுப் பழகணும், அவங்க நமக்கு, நாம அவங்களுக்கு. கீழ்த்தாடை ப்ளொக் எண்டா கீழ்த்தாடையில ஒரு பக்கத்த விறைக்க வைக்கிற ஊசி, கொடுப்புக்குப் பின்னால ஊசிய விட்டு எலும்பு தட்டுறவரை போய், ஒரு பொடி பின்னுக்கு எடுத்து, பிஸ்டன இழுத்துப் பாக்கணும், ரெத்தம் வந்தா மருந்து விடப்படாது. முதல் கிழமை என்ட பார்ட்னருக்கு வலப்பக்கம் போட்டன், நல்லா விறைச்சிட்டு, படிப்பிக்கிற மேடமும் சரி போட்டுட்டா. மறுகிழமை இடப்பக்கம் போட்டு பிஸ்டன இழுக்கன், கார்ட்ரிஜுக்குள்ள, அதான் மருந்துக் குழாய்க்குள்ள, சிவப்பா ஒரு நூல் வந்து, தண்ணிக்குள்ள மை விட்டாப் போல சுருண்டு சுருண்டு போகுது. மேடம் சத்தம் போடல்ல, "எடு, வேற கார்ட்ரிஜ் போட்டுட்டு வா" எண்டா.

எனக்குக் கை உதறினது அதுக்கில்ல. வலப்பக்கம் போட்ட அண்டைக்கு நான் இழுக்கவே இல்ல. பெருவிரல் வளையத்துக்குள்ள கிடந்துச்சு, சும்மா ஆட்டினன், அவ்வளவுதான். அந்த மருந்தில அட்ரினலினும் கிடக்கு, நேரா ரெத்தக்குழாய்க்குள்ள போனா நெஞ்சு அடிச்சுக்கும். அவளுக்கு ஒண்டும் ஆகல்ல. அவளுக்கு நான் இன்னும் சொல்லவும் இல்ல.

அக்கரைப்பற்று_உம்மா:
நான் வாங்கின ஆள். முரசு வீங்கி சீழ் வச்சிட்டு, காரை எடுக்கணும் எண்டு ரெண்டு ஊசி போட்டாங்க, விறைக்கல்ல. கையத் தூக்கினன். "அது நோவில்ல, அமத்துறதுதான் தெரியுது" எண்டாங்க. என்ட வாய், என்ட நோவு, அவங்க சொல்றாங்க இல்லையெண்டு. பக்கத்தில துப்புற கோப்பைக்குள்ள தண்ணி சுத்திச் சுத்திப் போகும்தானே, அதில என்ட ரெத்தம் ரோஸ் கலரில சுத்துறதத்தான் பாத்துட்டுக் கிடந்தன். ஆறு வருசமாச்சு, பல்லு விளக்கக்குள்ள இப்பவும் அந்தப் பக்கம் கை போகாது.

வாழைச்சேனை மிஸ்:
@அக்கரைப்பற்று_உம்மா குறை சொல்லாதீங்க, சீழ் வச்ச இடத்தில அமிலத்தன்மை கூட, விறைப்பு மருந்து நரம்புக்குள்ள ஒழுங்காப் போகாது, போட்டவங்கட பிழை இல்ல. நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பல்லுப் பாக்கிற ஆள். ஒரு பொடியன், 7 வயசு, கீழ்க் கொடுப்புப் பல்லு புடுங்கி அனுப்பினன், மறுநாள் தாய் கூட்டிட்டு வாறா, கீழுதடு பழுத்த கொய்யா மாதிரி. விறைச்ச உதட்ட சுவிங்கம் மாதிரி சப்பியிருக்கான், தெரியவே இல்ல அவனுக்கு. தாய் என்னைப் பாத்த பார்வை இருக்கே. அதால சொல்றன், ஊசி போட்டா கீழுதடு 3, 4 மணித்தியாலம் விறைச்சுக் கிடக்கும், அதுவரை கடிச்சுத் தின்ன ஒண்டும் குடுக்காதீங்க, சுடுதேத்தண்ணி வேணவே வேணாம், பிள்ளைய ஒரு கண் பாத்துக்கங்க. வெறும் வயித்தோட ஊசிக்கு வராதீங்க, மயங்கி விழுறதுக்கு அதுவும் ஒரு காரணம், மயங்கினா நிமித்தி இருத்தாம படுக்க வச்சு காலத் தூக்குங்க. பிரஷர், நெஞ்சு வருத்தத்துக்குக் குடிக்கிற குளிசை எல்லாத்தையும் முதல்லயே சொல்லுங்க. பிள்ளைக்கு நிறை பாத்துத்தான் மருந்து, 2 வீத லிக்னோகெயின் 2.2 மில்லி கார்ட்ரிஜ் எண்டா 20 கிலோ பிள்ளைக்கு ரெண்டோட சரி, "இன்னும் கொஞ்சம் போடுங்க மிஸ்" எண்டு நிண்டுக்காதீங்க.

அக்கரைப்பற்று_உம்மா:
மிஸ், உங்கட பாடம் நல்லம். ஆனா அந்த அமிலக் கதைய அண்டைக்கு ஒராள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சீழ் வத்தினப் பிறகு வாறன் எண்டு எழும்பிப் போயிருப்பனே. நோவில்ல எண்டுதானே சொன்னாங்க. அதத்தான் நான் எழுதினன், நீங்க என்னையே குறை சொல்றீங்க.

களுதாவளை_மச்சான்:
சண்டை வேணாம், என்ட கூத்தக் கேளுங்க. கீழ்ப் பல்லுக்கு ஊசி போட்டு அஞ்சு நிமிசத்தில வலக்கண்ணு மூட ஏலாமப் போயிட்டு, வாயும் கோணிட்டு. அவங்க "மருந்து இறங்கினா சரியாகும், கண்ணுக்குள்ள தூசு போகாமப் பாத்துக்கங்க" எண்டாங்க. நானும் பெரிய ஆள் மாதிரி களுவாஞ்சிக்குடியில இருந்து மோட்டசைக்கிள ஒத்தக் கையால ஓடினன், மத்தக் கையால கண்ண அமத்திப் பிடிச்சுட்டு. வாசல்ல மாமி. கண்டதும் "ஐயோ மருமகனுக்குப் பாரிசவாதம்" எண்டு ஊரக் கூட்டிட்டா, எனக்கு விளங்கப்படுத்த வாயும் வரல்ல, வாநீர் வழியுது. பின்னேரம் ஆறு மணிக்கு எல்லாம் சரி. மாமி நேர்த்தி வச்சதாலதான் சரியானதெண்டு இண்டைக்கும் சொல்றா, போன திருவிழாவுக்கு என்னயக் கொண்டு அத நிறைவேத்தியும் போட்டா.

கல்லடிக்காரி:
@களுதாவளை_மச்சான் அது ஊசி எலும்புல தட்டாமப் பின்னுக்குப் போய் காதடியில இருக்கிற எச்சில் சுரப்பிக்குள்ள மருந்து இறங்கினா வாறது, முகத்து நரம்பு அதுக்குள்ளாலதான் போகுது. எலும்பு தட்டாட்டி மருந்து விடாத எண்டு மேடம் கத்துறது இதுக்குத்தான். @அக்கரைப்பற்று_உம்மா அக்கா, நீங்க சொன்னது என்னத்தையோ செஞ்சிட்டு. ராத்திரி அவளுக்கு வாட்ஸ்அப்பில எழுதிட்டன், வலப்பக்கம் நான் இழுக்கல்ல எண்டு. நீலச் சரி ரெண்டும் விழுந்து கிடக்கு, பதில் இல்ல.

ஏறாவூர்_82:
தங்கச்சி கல்லடியில எவ்விடம்? எனக்கு மேல் கொடுப்பு ரெண்டு கிழமையா நோகுது, போகமுன் ஒருக்காப் பாத்துச் சொல்ல ஏலுமா?