மறு: ரேஸ் கண்டிஷன், டேட்டா ரேஸ் – ஒரு சொல்லா, இரு சொல்லா?

> இரண்டுக்கும் 'பந்தயநிலை' என்ற ஒரே சொல் போதாதா?

அன்புள்ள ஐயா,

பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும் நிரல்களில் வரும் ரேஸ் கண்டிஷன், டேட்டா ரேஸ் என்ற இரண்டு சிக்கல்களுக்கும் ஒரே தமிழ்ச் சொல் போதாது என்றே நினைக்கிறேன். மீத்திறன் கணிப்புக்கான (சூப்பர் கம்ப்யூட்டிங்) நிரல்மொழிகளைத் தமிழில் ஒப்பிட்டு எழுதத் தொடங்கினால் முதல் பத்தியிலேயே இடிக்கும்.

சி நிரலில் ஒரு கூட்டல் மடக்கை (லூப்) ஓப்பன்எம்பி என்ற இணைநிரலாக்க வசதி கொண்டு, நினைவகத்தைப் பகிர்ந்து ஒரே நேரத்தில் ஓடும் இழைகளுக்கு (த்ரெட்) பிரித்துக் கொடுக்கிறோம். 'ரிடக்‌ஷன்' (இழைகளின் விடைகளைப் பிழையின்றி ஒன்றுசேர்க்கும் குறிப்பு) போட மறந்துவிட்டோம். 'மொத்தம்' என்ற மாறியில் 40 இருக்கிறது. இரண்டு இழைகளும் அதே 40ஐப் படிக்கின்றன. ஒன்று 5 கூட்டி எழுதுகிறது, மற்றது 7 கூட்டி எழுதுகிறது. 52 வரவேண்டிய இடத்தில் 45 அல்லது 47 நிற்கும். நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) வாய் திறக்காது. இப்படி ஒரே நினைவிடத்தை இழைகள் ஒழுங்கின்றி ஒரே நேரத்தில் தொட்டு, ஒன்றாவது அதில் எழுதுவதுதான் டேட்டா ரேஸ். 2011 முதல் சி, சி++ தரங்கள் இதை வரையறுக்கப்படாத நடத்தை (என்ன நடக்கும் என்று உறுதி இல்லை) என்றே சொல்கின்றன.

இதே தவற்றைச் சேப்பல் மொழியின் 'ஃபார்ஆல்' என்ற இணை மடக்கில் செய்தால், வெளியே அறிவித்த எண் மாறியை உள்ளே மாற்ற முடியாது என்று நிரல்பெயர்ப்பியே நிறுத்திவிடும். ரஸ்ட் மொழியும் 'அன்சேஃப்' (நிரல்பெயர்ப்பியின் காவலைத் தளர்த்தும் குறிச்சொல்) இல்லாத நிரலில் இதை அனுமதிப்பதில்லை. மொழிகளை ஒப்பிடும்போது இந்த வேறுபாடு முக்கியம்.

எம்பிஐ என்ற செய்திப் பரிமாற்ற முறை வேறு கதை. இயங்கும் ஒவ்வொரு செயல்முறைக்கும் (ப்ராசஸ்) தனி நினைவகம்; வழக்கமாகச் செய்தி அனுப்பித்தான் தரவு கைமாறும். அப்படி எழுதும்போது செயல்முறைகளுக்கிடையே மேலே சொன்ன பிழைக்கு வழியில்லை. ஆனால் 'எனி சோர்ஸ்' என்று யாரிடமிருந்து வந்தாலும் வாங்கிக்கொண்டால், வருகிற வரிசைப்படி கூட்டுவோம். கணினி தோராயமாகச் சேமிக்கும் மிதவைப்புள்ளி எண்களைக் கூட்டுகையில் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறலாம். இப்படி எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுவது ரேஸ் கண்டிஷன். ரஸ்ட்டிலும் இது வரலாம். இரண்டையும் 'பந்தயநிலை' என்றால் "ரஸ்ட்டில் பந்தயநிலை வராது" என்ற தவறான வாக்கியம்தான் நமக்குக் கிடைக்கும்.

தவிர, பந்தயம் என்றதும் பணயமும் பரிசும் நினைவுக்கு வருகின்றன. இங்கே நடப்பது "நான் முந்தி நீ முந்தி" என்ற அடிதடி. எனவே என் பரிந்துரை: ரேஸ் கண்டிஷன் – முந்துநிலை, டேட்டா ரேஸ் – தரவுமுந்தல். 'தரவுமுந்தலற்ற நிரல்', 'முந்தல்காட்டி' (தரவுமுந்தலைக் கண்டுபிடிக்கும் கருவி) என்று கிளைச்சொற்களும் தடங்கலின்றி வருகின்றன. இன்னொருவர் சொன்ன 'தரவு மோதல்' நல்ல சொல்தான். ஆனால் ஹாஷ் கொலிஷனுக்கு (இரண்டு வேறு தரவுகளுக்கு ஒரே ஹாஷ் எண் வருவது) 'மோதல்' ஏற்கெனவே புழங்குகிறது. 'போட்டி'யை லாக் கன்டென்ஷனுக்கு (ஒரே பூட்டைப் பெறப் பல இழைகள் காத்து நிற்பது) விட்டுவைப்போம்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.