கேம்பர் கதவும் ஆனிங் கையும் இடித்துக்கொண்டால்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

அனைவருக்கும் வணக்கம். காரின் பின்னால் இழுத்துச் சென்று முகாமில் தங்கும் டிராவல் டிரெய்லரை (கேம்பரை) வாங்கும் நாளில் இந்தத் தொல்லை யார் கண்ணிலும் படுவதில்லை. விற்பனை முற்றத்தில் ஆனிங், அதாவது வண்டியின் சுவரிலிருந்து நிழலுக்காக விரிக்கும் துணிப்பந்தல், சுருட்டியே இருக்கும். கதவைப் பாதி திறந்து உள்ளே ஏறி, கட்டிலையும் அடுப்பையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவோம். முகாமுக்குப் போய் ஆனிங்கை விரித்து, கதவைச் சுவரோடு சாய்த்து மாட்டலாம் என்று தள்ளும்போதுதான் அது துணியைத் தாங்கும் உலோகச் சட்டமான ஆனிங்கின் கையில் போய் இடிக்கிறது.

இரண்டும் இவ்வளவு அருகில் அமைவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால், டிரெய்லரின் வாசலை நடைபாதை ஓரமான வலப்பக்கச் சுவரில் வைக்கிறார்கள். நிழல் வேண்டியதும் வாசல் முன்னால்தான் என்பதால் ஆனிங்கும் அதே சுவருக்கு வருகிறது. ஆனிங்குகள் குறிப்பிட்ட சில நீளங்களில்தான் கிடைக்கின்றன. அவற்றின் கைகளைச் சுவருக்குள் சட்டம் இருக்கும் இடம் பார்த்துத்தான் முடுக்க வேண்டும். இண்டியானா மாநிலத்தின் எல்க்கார்ட் வட்டாரத்தில்தான் இந்நாட்டு டிரெய்லர்களில் பெரும்பகுதி தயாராகிறது. அங்கே உள்ளறை அமைப்பை முதலில் முடிவு செய்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் ஆனிங்கைப் பொருத்துகிறார்கள் என்பதே வண்டியைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது. கதவின் கீலைப் பெரும்பாலும் வண்டியின் முன்பக்கம் வைக்கிறார்கள். ஓடும்போது தாழ் விடுபட்டாலும் எதிர்க்காற்று கதவை மூடியே வைத்திருக்கும் என்பதால் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதனாலேயே கதவு முன்னோக்கித் திறந்து, ஆனிங்கின் முன்பக்கக் கை (முன்கை) நிற்கும் இடத்துக்கே போகிறது.

எங்கள் வண்டியில் கதவின் அகலம் 30 அங்குலம். கீலிலிருந்து முன்கை 27 அங்குலத் தொலைவில் நிற்கிறது. ஆனிங் சுருட்டியிருக்கும்போது கதவை முழுவதும் சாய்த்தால், அதன் வெளிக் கைப்பிடி சரியாகக் கையின் அலுமினியச் சட்டத்தின் மேல் போய் உட்காரும். வெள்ளைப் பூச்சில் கைப்பிடியின் உயரத்தில் ஒரு கறுப்புக் கோடும், அதன் நடுவே பூச்சு உரிந்து உலோகம் தெரியும் ஒரு புள்ளியும் இருக்கின்றன. ஆனிங்கை விரித்திருக்கும்போது இடிப்பது கைப்பிடி அன்று, கதவின் விளிம்பு. கை சுவரைவிட்டுச் சரிவாக மேலேறி வெளியே போவதால், கதவு அதைச் சுவரிலிருந்து ஏறத்தாழ 13 அங்குலத்திலேயே சந்தித்துவிடுகிறது. 30-இன் வர்க்கத்திலிருந்து 27-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் இந்த 13 கிடைக்கும். உங்கள் வண்டியின் இரண்டு அளவுகளையும் போட்டுப் பார்த்தால், எங்கே இடிக்கும் என்பதைக் கதவைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

கதவைச் சுவரோடு பிடித்து வைக்கும் கொக்கியில் எப்படியாவது மாட்டிவிட வேண்டும் என்று சிலர் கதவை அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கைப்பிடி கையில் முட்டி நிற்கும்போது கதவின் மறுபாதியை அழுத்தினால், பலம் முழுவதும் கீல்களின் மேல் விழுகிறது. கீலின் திருகாணிகள் தளர்ந்து கதவு சற்றே தொங்கினாலும், மேல் மூலையில் ரப்பர் பட்டை சரியாக அமராமல் மழைநீரும் தூசியும் உள்ளே வரும்.

அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது, கையைக் கழற்றிச் சில அங்குலம் தள்ளிப் பொருத்திவிடலாம் என்பது. இது நடக்காது என்பதைத்தான் முக்கியமாக எழுத விரும்புகிறேன். ஆனிங்கின் இரண்டு கைகளும் துணி சுற்றியிருக்கும் உருளைக்குழாயின் இரு முனைகளைப் பிடித்திருக்கின்றன. குழாயின் நீளம் மாறாதபோது ஒரு கையை மட்டும் நகர்த்த முடியாது. நகர்த்தினால் இரண்டையும், துணி செருகியிருக்கும் மேல் தண்டவாளத்தையும் சேர்த்தே நகர்த்த வேண்டும். பழைய துளைகளை அடைத்து, புதிய துளைகளுக்கு உள்ளே சட்டம் இருக்கிறதா என்று பார்த்து, நீர் புகாமல் அடைக்கும் பியூட்டைல் டேப்பும் சீலன்ட் பசையும் வைத்து முடுக்கினாலும், சுவரில் தண்ணீர் புகக்கூடிய இடங்கள் கூடிவிடுகின்றன. டிரெய்லர்களின் ஆயுளைக் குறைப்பதில் சுவருக்குள் இறங்கும் தண்ணீரைப் போல் வேறொன்றும் இல்லை. கதவில் ஒரு கீறலைத் தவிர்ப்பதற்காக அந்த ஆபத்தை வரவழைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆகவே நகராத கையை விட்டுவிட்டு, நகரும் கதவை நிறுத்துவதே வழி. நாங்கள் மேல் கீலை எடுத்துவிட்டு, உராய்வினால் கதவை எந்தக் கோணத்திலும் நிற்க வைக்கும் கீலைப் போட்டோம். இப்போது கதவு செங்கோணத்தைச் சற்றுத் தாண்டிய இடத்தில் நிற்கிறது. சிறு காற்றுக்கு அசைவதில்லை, குழந்தைகள் விட்டால் பட்டென்று அறைந்துகொள்வதும் இல்லை. ஷெனண்டோவா தேசியப் பூங்காவில், புளூ ரிட்ஜ் மலைத்தொடரின் மேல் இருக்கும் பிக் மெடோஸ் முகாமில் பலமான காற்று வீசியபோது மட்டும் கீலை நம்பாமல் கதவை மூடியே வைத்தோம்; ஆனிங்கையும் சுருட்டிவிட்டோம்.

செலவு குறைவாக முடிக்க நினைப்பவர்கள் நைலான் பட்டை ஒன்றைக் கட்டிக் கதவின் வீச்சைக் குறைக்கலாம். அதைச் சட்டத்தின் உள்பக்கம் முடுக்கினால் கொசுவலைக் கதவு மூடாது. வெளி விளிம்பில்தான் முடுக்க வேண்டும். கையின் மேல் குழாய்களுக்குச் சுற்றும் நுரை உறையை மாட்டுவோரும் உண்டு. உள்கை வெளிச்சட்டத்துக்குள் மடங்கும் வகை ஆனிங் என்றால், அந்த உறையை எடுக்காமல் ஆனிங்கை முழுவதும் மூட இயலாது. வெயிலில் நுரையும் பொடிந்துபோகும். ரப்பர்த் தாங்கியைக் கையில் ஒட்டுவதைவிடக் கதவில் ஒட்டுவதே மேல் என்பது என் கருத்து. மற்றவர்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதினால் பலருக்கும் உதவும்.

மெல்பர்னிலிருந்து ஓர் உறுப்பினர்:

நல்ல பதிவு, ஐயா. ஆஸ்திரேலியாவில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் கேரவனின் (டிரெய்லரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கதவும் ஆனிங்கும் இடப்பக்கச் சுவரில் இருக்கின்றன. இடிபடுவது மட்டும் இங்கேயும் அப்படியேதான். எங்களுடையது மோட்டார் இல்லாத, கையால் இழுத்து விரிக்கும் ஆனிங். இந்த வகையில் கைகளின் அடிமுனையைச் சுவரிலிருந்து விடுவித்து, நேராகத் தரையில் ஊன்றி, ஆணி அடித்து நிறுத்தலாம். அப்படி நிறுத்திவிட்டால் கதவின் வழியில் சரிவான கை இருக்காது. ஒரே இடத்தில் சில நாள் தங்கும்போது நாங்கள் இப்படித்தான் வைக்கிறோம். தரை பாறையாகவோ இளகிய மணலாகவோ இருந்தால் இதைச் செய்யக் கூடாது. ஆணி பிடிக்காத கால், காற்று வரும்போது துணியோடு சேர்ந்து மேலெழுந்து கூரைமேல் விழக்கூடும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சேர்க்கிறேன். எங்களுக்குக் கையைவிடத் துணிதான் பெரிய கவலையாக இருந்தது. மழைநீர் வடியட்டும் என்று ஆனிங்கின் ஒரு பக்கத்தை இறக்கினால், கதவின் மேல் மூலை துணியின் அடிப்பக்கத்தை உரசும். திறக்கும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உரசுவதால், முதலில் ஒரு பளபளப்பான கோடு விழுந்து, பிறகு அந்தக் கோட்டிலேயே துணி கிழியும். கதவுக்குத் தொலைவான கையை இறக்கி, கதவுக்கு அருகிலுள்ள கையை உயரத்திலேயே விட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. மீதிப் பாதிக்குக் கதவின் மேல் மூலையில் ஒரு சிறிய உருளையைப் பொருத்தியிருக்கிறோம். மூலை துணியைக் குத்தாமல், உருளை அதன்மேல் உருண்டு போகிறது. ஒட்டுநாடாவோடு வரும் உருளைகள் கோடை வெயிலில் கழன்று விழுந்துவிடுகின்றன. கதவின் அலுமினிய விளிம்பில் திருகாணி போட்டு முடுக்குவதே நிலைக்கிறது. ஊட்னடாட்டா சாலை போன்ற புழுதிச் சாலைகளில் போய்வந்தால் உருளையைக் கழுவுங்கள். புழுதி ஏறி அது சுற்றாமல் நின்றுவிட்டால், துணியை வெறும் மூலையைவிட மோசமாக அராவும்.

இங்கிலாந்திலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்களுடையது மோட்டார்ஹோம், அதாவது இழுக்க வேறு வண்டி தேவைப்படாமல் தானே ஓடும் வீட்டு வண்டி. கூரையோரப் பெட்டிக்குள் சுருண்டிருக்கும் ஆனிங்கைக் கைப்பிடி சுற்றி வெளியே எடுக்க வேண்டும். இதன் கைகள் துணிக்கு அடியில் முழங்கைபோல் மடிந்து விரிகின்றன. முன் சட்டத்திலிருந்து இரண்டு கால்கள் இறங்கித் தரையில் நிற்கும். கால்களைத் தேவைக்கு மேல் தாழ்த்திவிட்டால் கதவின் மேல் விளிம்பு துணிக்கு அடியிலுள்ள கையில் முட்டுகிறது. கதவு தடையின்றிப் போய்வரும் உயரத்தை ஒருமுறை பார்த்து, கால்களில் சிவப்பு நாடாவால் அடையாளம் ஒட்டிவிட்டேன். இருட்டில் வந்து சேர்ந்தாலும் அந்தக் கோடு வரை இழுத்துப் பூட்டினால் போதும். தரை சாய்வாக இருந்தால் மட்டும் அடையாளத்தை நம்பாமல் கதவை ஒருமுறை திறந்து பாருங்கள்.

கதவு முழுவதும் திறக்க வேண்டியது வசதிக்காக மட்டும் அன்று. மழைக்காக ஆனிங்கை இறக்கிவிட்டு இரவில் படுப்பவர்கள், உள்ளிருந்து தள்ளினால் கதவு எவ்வளவு திறக்கிறது என்பதைப் படுக்கும் முன் பார்த்துவிட வேண்டும். அடுப்பும் கேஸும் உள்ள சிறிய அறையிலிருந்து எல்லோரும் விரைவாக வெளியேற வேண்டிய வேளை வந்தால், பாதி திறக்கும் கதவு பெரிய இடையூறு.

முதலில் எழுதியவர்:

இருவருக்கும் நன்றி. கதவுக்குத் தொலைவான கையை இறக்க வேண்டும் என்பதை அனைவரும் குறித்துக்கொள்ள வேண்டும். இரவில் கதவைத் தள்ளிப் பார்ப்பதை இனி நாங்களும் வழக்கமாக்கிக்கொள்வோம்.

இடிபட்டு வளைந்த ஆனிங் கையை வீட்டிலேயே கழற்றி நிமிர்த்தலாமா என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். மோட்டார் ஆனிங் என்றால் கழற்ற வேண்டாம். துணியை இழுத்து விறைப்பாக வைப்பதற்காகப் பல மோட்டார் ஆனிங்குகளின் கைகளுக்குள் கேஸ் ஸ்ட்ரட்டுகள், அதாவது அழுத்திய வாயு அடைத்த தண்டுகள், இருக்கின்றன. அவை எப்போதும் அழுத்தத்தில் இருப்பவை. ஆனிங் சுருட்டியிருக்கும்போதுதான் அழுத்தம் மிகுதி. பூட்டாமல் ஒரு முளையை உருவினால் கை விசையோடு விரிந்து எதிரில் நிற்பவரின் முகத்தில் அடிக்கும். கையால் இழுக்கும் ஆனிங்கின் உருளைக்குழாய்க்குள் முறுக்கிய சுருள்வில் இருக்கிறது. அதுவும் இதே அளவுக்கு ஆபத்தானது. வளைவு சிறியதாக இருந்து, ஆனிங் நேராகச் சுருண்டு பூட்டிக்கொள்கிறது என்றால், அதை அப்படியே விட்டுவிட்டுக் கதவின் வீச்சை மட்டும் குறையுங்கள். சுருட்டும்போது ஒரு முனை முந்தி வந்தால், வண்டியை நெடுஞ்சாலையில் எடுப்பதற்கு முன்பே பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிடுங்கள். சரியாகப் பூட்டாத ஆனிங் ஓட்டத்தில் விரிந்துகொள்ளும்.