புதுப்பிப்பு: ரைன்பெக் போய் வந்தாச்சு

நியூயார்க் மாநிலத்து ரைன்பெக்கில் அக்டோபர் மூன்றாம் வார இறுதியில் நடக்கும் ஆடு, கம்பளித் திருவிழாவுக்குள் ஸ்வெட்டரை முடித்துவிட முடியுமா என்று போன மாதம் புலம்பியிருந்தேனே, முடித்துவிட்டேன். இரண்டாவது கையின் கடைசி வரிசைகளை பார்க்கிங்குக்காகக் காரில் காத்திருந்தபோதுதான் பின்னினேன். அன்றைக்குப் பார்த்து நல்ல வெயில்! பதினொரு மணிக்கெல்லாம் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

அந்தப் பதிவுக்கு நீங்கள் சொன்ன யோசனைப்படி முதலில் கத்தரித்த ரோமம் விற்கும் கொட்டகைக்குப் போனேன். அங்கே ஒரு பாட்டி ஒரு கொத்தை உருவி, இரண்டு முனையையும் பிடித்து என் காதருகே வெடுக்கென்று இழுத்துக் காட்டினார். சுண்டிய கம்பி மாதிரி ஒலித்தால் உறுதியான இழை, சடசடவென்றால் நூற்கும்போதே அறுந்து தொல்லை கொடுக்குமாம். கழுவாத ரோமம், அதனால் லானோலின் (ஆட்டு ரோமத்தில் இயல்பாகவே இருக்கும் மெழுகு) பிசுக்கு சாயங்காலம் வரை விரலை விட்டுப் போகவில்லை (கை மட்டும் பட்டு மாதிரி ஆகிவிட்டது, அது வேறு விஷயம்).

நூற்கவே தெரியாத நான் ஒரு முழு ஆட்டு ரோமத்தை வாங்கி வந்திருக்கிறேன். சரி, இதை நூற்க, கையால் சுழற்றும் கதிர் வாங்குவதா ராட்டை வாங்குவதா, சொல்லுங்கள்.