புதுப்பிப்பு: எம்.ஃபில். இல்லாமல் மருத்துவமனை வேலை கிடைத்தது

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்ட எம்.ஃபில். ஆய்வுப் பட்டம் இல்லாமல், சென்னையில் மருத்துவமனை வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் வேலைக்குப் போட்டுப் பாருங்க" என்ற யோசனைதான். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்திடம் பேசி, உறுப்பு தான வேலைகளை ஒருங்கிணைப்பவர் இவர். உறுப்பு மாற்று செய்யப் பதிவு பெற்ற மருத்துவமனைக்கு இந்த ஆள் கட்டாயம். 2014 உறுப்பு மாற்று விதிகளின்படி ஏதாவதொரு இளங்கலைப் பட்டம் போதும். சமூகப்பணி முதுகலைக்கு முன்னுரிமை உண்டு. மனநல சமூகப்பணியாளர் பணிக்கு அலைந்தது வீண். 2017 மனநலச் சட்டமே அதற்கு எம்.ஃபில். கேட்கிறது.

நேர்காணலில் பட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மூளைச்சாவுச் சோதனை இரண்டு முறை, இடைவெளி குறைந்தது 6 மணி நேரம். மூளைச்சாவுச் சான்றுக்குப் படிவம் 10, உறுப்பு தானத்துக்குக் குடும்பத்தின் ஒப்புதலுக்குப் படிவம் 8. இதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். "முதல் சோதனை முடிந்ததுமே இறந்துவிட்டார் என்று சொல்லலாமா?" என்று ஒரு கொக்கி. கூடாது. உறுப்பு தானத்துக்கான தொண்டு நிறுவனமான மோகன் பவுண்டேஷன் நடத்தும் ஒருங்கிணைப்பாளர் பயிற்சிக் குறிப்புகளைப் படித்தது இங்கே உதவியது.

எதிர்பாராதது: விபத்து கேஸ் என்றால் காவல் நிலையம், பிரேதப் பரிசோதனை மருத்துவர் இருவரிடமும் உறுப்பு எடுக்க ஆட்சேபணை இல்லை என்று எழுத்தில் வாங்கும் ஓட்டமும் நம் தலையில்தான். பெரும்பாலும் நள்ளிரவில். வண்டி ஓட்டத் தெரிந்திருந்தால் நல்லது.